திங்கட்கிழமை ஓவரோல்

எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, பிரித்தானியக் கடற்படையின் பொற்காலம் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் ரவீந்திரன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் கம்பியூட்டர் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் எங்களைப் போன்ற கிழடுகளின் மலர் வேலையும் அவர் தலையில்தான். போர்க்கப்பல், போர்விமானம் என்றால் அவருக்குச் சாப்பாடும் வேண்டாம்.

"அங்கிள், நீங்கள் விமானம் தாங்கிக் கப்பலெல்லாம் திருத்தினனீங்களாம். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. எழுதுங்கோ. வேலை உடுப்போட எடுத்த படம் ஒண்டும் வேணும்."

"பொற்காலம் எண்டு ஆர் தம்பி உமக்குச் சொன்னது?"

"புத்தகத்தில எல்லாம் அப்பிடித்தானே கிடக்கு, அங்கிள்."

புத்தகத்தில் கிடக்கும். எழுதியவர்கள் மேல்தளத்தில் நின்று பார்த்தவர்கள். நான் அடித்தளத்தில் கிடந்தவன். நீராவிக் குழாய் பூட்டுவதும் கழற்றுவதும்தான் என் தொழில். இங்கிலீஷில் பைப் ஃபிட்டர் என்பார்கள். அந்தக் கடற்படை வளர்ந்ததையும் தேய்ந்ததையும் நான் கீழேயிருந்துதான் பார்த்தேன். அதைத்தான் எழுத முடியும். வேண்டாமென்றால் கிழித்துப் போடுங்கள்.

யுத்தம் முடிந்த கையோடு திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை பழகச் சேர்ந்தேன். பழகிய காலத்தைச் சொல்ல ஒன்றுமில்லை. அரம் பிடித்தேன், ஏச்சு வாங்கினேன், தேத்தண்ணி காவினேன். அப்போது துறைமுகம் நிறையக் கப்பல். சாம்பல் நிறத்தில் மதில் கட்டிவிட்டது போல நிற்கும். இது அசையாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு எங்கள் அரசாங்கம், சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்றது. குழாய்க்கு எந்தப் பாஷையும் தெரியாது என்று மேலதிகாரியிடம் சொன்னேன். எனக்கு வாயடக்கம் இல்லை என்று பெயர் வந்ததுதான் மிச்சம். திருகோணமலையில் எனக்குப் போர்மனாக, அதாவது மேற்பார்வையாளராக இருந்த மிஸ்டர் பார்லோ, தென்னிங்கிலாந்தில் ஒரு கப்பல் திருத்தும் யாட்டுக்கு மாறிப் போயிருந்தார். அவர் தந்த நற்சாட்சியைப் பிடித்துக்கொண்டு, மனைவி பரமேசையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். மகளை இந்தக் கட்டுரையில் வதனி என்று சொல்கிறேன். ஏனென்று பிறகு விளங்கும்.

நான் போன நேரம் அவர்களுக்கு விமானப் பைத்தியம் முற்றியிருந்தது. யுத்தகாலத்து விமானம் கப்பலின் தளத்தில் தானாக ஓடியே எழும்பிவிடும். ஜெட் விமானம் அப்படியல்ல, கனம். தளத்தில் ஓடுகிற தூரம் அதற்குக் காணாது. அதனால் தளத்துக்குக் கீழே நீண்ட உருளைகளைப் பதித்து, நீராவியை அடைத்து, ஒரே தள்ளில் விமானத்தைக் கடலுக்கு மேலே எறிவார்கள். விமானம் கனக்கக் கனக்க நீராவி கூட வேண்டும். நீராவி கூடினால் குழாய் கூட வேண்டும். அந்தக் குழாய்களின் சூடு வெளியே போகாமல் போர்வை சுற்ற வேண்டும். அந்தப் போர்வைக்கு லாகிங் என்று பெயர். அது அஸ்பெஸ்ரஸ். ஊரில் கூரைக்குப் போட்டோமே, அதன் தாய்ச் சரக்கு.

வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். கப்பல், தண்ணீர் வடித்துத் திருத்தும் உலர்துறைக்குள் வந்ததும் முதலில் லாகிங்காரர் இறங்குவார்கள். பழைய போர்வையை வாளால் அரிந்து, சுத்தியலால் தட்டி, கையால் பிய்த்துப் போடுவார்கள். சட்டப்படி அவர்கள் முடித்துக் கூட்டி அள்ளிய பிறகே நாங்கள் இறங்க வேண்டும். ஆனால் எந்தக் கப்பலுக்கும் நாள் குறித்திருக்கும், எந்தக் கப்பலும் பிந்தித்தான் வரும். ஆகவே அவர்கள் ஒரு பக்கம் பிய்க்க, நாங்கள் மறு பக்கம் குழாய் மூட்டுகளைக் கழற்றுவோம். மூட்டின் முகத்தைச் சுரண்டித் துடைத்து, புது வளையம் வைத்து, போல்ற்றுகளை ஒன்றுக்கொன்று எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் மறு பக்கம் வாய் பிளக்கும். பிறகு குளிர்தண்ணீர் விட்டு அழுத்திப் பார்ப்போம். பிறகு நீராவியை மெல்ல மெல்லப் பழக்குவோம். அவசரப்பட்டுத் திறந்தால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் சம்மட்டி மாதிரி அடிக்கும். எல்லாம் சரியென்றால் லாகிங்காரர் திரும்பி வந்து, மாவு போலக் குழைத்து அப்பிப் புதுப் போர்வை சுற்றுவார்கள்.

நான் முதன்முதல் பனி பார்த்தது அந்தக் கப்பலின் வயிற்றுக்குள்தான். வெளியே இன்னும் மழைக்காலம். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. லாகிங்காரர்கள் ஈரமாவை உருண்டையாகப் பிடித்து எங்கள் முதுகில் எறிவார்கள். நாங்கள் திருப்பி எறிவோம். புதிதாக வந்தவனுக்கு முதல் உருண்டை முகத்தில் விழ வேண்டும் என்பது அங்கே வழக்கம். எனக்கும் விழுந்தது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். கறுப்பனை வெள்ளையனாக்கிவிட்டோம் என்றான் ஒருவன். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றோடு நான் அவர்களில் ஒருவனாகிவிட்டேன் என்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

மிஸ்டர் பார்லோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான மனிதர், சத்தம் போடாதவர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். முன்பு கடற்படையில் இருந்தவர். யாட்டுக்கு வந்த பிறகும் திங்கட்கிழமை காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். அப்படி ஒரு சட்டம் யாட்டில் கிடையாது, அது அவராகப் பிடித்த வழக்கம். சட்டையும் காற்சட்டையும் ஒன்றாயிருக்கும் எங்கள் ஓவரோலின் கொலரை ஆட்காட்டி விரலால் புரட்டி, மடிப்புக்குள் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அழுக்கிருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த விரலை அவனுடைய நெஞ்சிலேயே துடைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அன்று முழுவதும் அவனுக்குக் குப்பை அள்ளும் வேலைதான்.

அதிகாரிகளின் மேசைத் துணி தோய்க்க யாட்டில் லோண்டரி இருந்தது. எங்கள் ஓவரோலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பரமேஸ் வெள்ளிக்கிழமை பின்னேரமே அதைத் தொடங்கிவிடுவாள். அந்தத் தூசி தண்ணீர் பட்டால் களியாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் உதற வேண்டும், தட்ட வேண்டும், பிறகுதான் நனைக்கலாம். ஓவரோல் நீளம், தனியாக உதற முடியாது. வதனி கால் பக்கம் இரண்டையும் பிடித்துக்கொள்வாள், தாய் தோள் பக்கம் பிடித்து உதறுவாள். "இறுக்கிப் பிடி பிள்ளை, விட்டிடாதை" என்று சொல்லிச் சொல்லி உதறுவாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு நிற்கும். அதற்கு அது விளையாட்டு.

ஒரு திங்கட்கிழமை பார்லோ என் கொலரைப் புரட்டிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து, "இந்த யாட்டிலேயே ஆகச் சுத்தமான ஓவரோல் இதுதான். உங்கள் மனைவிமாரை மிஸஸ் மகாலிங்கத்திடம் அனுப்பிப் பழகச் சொல்லுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். பரமேஸ் வெளிக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "அவருக்கென்ன, வேலையில்லாத மனிசன்" என்றாள். ஆனால் அந்தக் கதையை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள் என்று கணக்கில்லை. அந்த ஊரில் அவளுக்கு வேறு யாரும் எதற்கும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. கடையில் பேச்சு விளங்காது என்று நினைத்து முகத்துக்கு நேரேயே ஏசுவார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை பெயர் சொல்லிப் புகழ்ந்தது அவளுக்குப் பெரிய சொத்து.

பெரிய கப்பல் ஒன்றின் வேலை முடிந்து, விமானம் எறியும் கருவியைச் சோதித்த நாளில் குடும்பங்களைக் கரையில் நின்று பார்க்க விட்டார்கள். உண்மையான விமானத்தை வைத்துச் சோதிக்கமாட்டார்கள். சில்லுப் பூட்டிய இரும்பு வண்டிக்குள் தண்ணீர் நிரப்பி, விமானத்தின் கனத்துக்குக் கொண்டுவந்து, அதை எறிவார்கள். அது துறைமுகத்துத் தண்ணீரில் போய் விழும். ஒரு படகு போய் இழுத்து வரும். வண்டியின் பக்கத்தில் எங்கள் பொடியள் சோக்கட்டியால் போர்மன்மாரின் பெயர்களை எழுதி விடுவார்கள். அன்று பார்லோவின் பெயர் பறந்துபோய்த் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், பார்லோவும் தட்டினார்.

பரமேஸ் மட்டும் என்னைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, இந்த வண்டிலைத் தண்ணிக்குள்ள தள்ளவோ கிழமைக்கு இவ்வளவு ஊத்தை?" என்று கேட்டாள். பிரித்தானியக் கடற்படையைப் பற்றி நான் கேட்டவற்றுள் இதற்கு மேலான விமர்சனம் கிடையாது.

அறுபதுகள் முடியும் நேரம் ஒரு நாள் காலை கப்பலுக்குள் இறங்கினேன். லாகிங்காரர்கள் எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தலையோடு மூடும் வெள்ளை உடுப்புப் போட்டு நின்றார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் முகமூடி கட்டாயம் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் வெறும் முகத்தோடு மூட்டுக் கழற்றினோம். தூசி கயிற்றுக்கு மேலாலும் வந்தது, கீழாலும் வந்தது. யாரோ எங்கோ கட்டளை போட்டிருக்கிறார்கள், இவர்கள் கயிறு கட்டிக் கட்டளையை நிறைவேற்றிவிட்டார்கள்.

வழக்கமாக பார்லோ ஏணியால் இறங்கி வந்து, ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்ப்பார். அன்று இறங்கவில்லை. மேலே வாசலில் நின்றபடியே, "எப்படிப் போகிறது, மேக்?" என்று கேட்டார். என் பெயரை முழுதாகச் சொல்ல அவர்களுக்கு அலுப்பு, மேக் என்றுதான் கூப்பிடுவார்கள். "நன்றாகப் போகிறது சேர்" என்றேன். அதற்குப் பிறகு, லாகிங் பிய்க்கிற கப்பலுக்குள் அவர் இறங்கி நான் காணவில்லை.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு ஒரு பார்சல் தந்தார். "உன் மனைவிக்கு" என்றார். உள்ளே துணி தட்டும் பிரஷ் ஒன்று. நல்ல மரப்பிடி, பன்றிமயிர், அதிகாரிகளின் கோட்டுக்குப் பாவிக்கிற சாமான். "தோய்க்கமுன் இதால் தட்டச் சொல். வீட்டுக்குள் வேண்டாம், வெளியில் வைத்துத் தட்டச் சொல்" என்றார்.

நான் அப்படியே போய்ச் சொன்னேன். பரமேசுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பளம் பழுதாகிவிடும் என்று எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கோ என்றாள். கோடையில் வெளியில் வைத்துத்தான் தட்டினாள். வதனி கால் பிடிக்க, அந்த பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுவாள். இங்கிலாந்தில் கோடை எத்தனை நாள்? மழையிலும் குளிரிலும் குசினிக்குள், கதவைச் சாத்திவிட்டுத் தட்டினார்கள்.

மிச்சக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய விமானம் தாங்கிகள் இனிக் கட்டுப்படியாகாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. நாங்கள் வருடக்கணக்காகத் திருத்திய கப்பல்களை ஒவ்வொன்றாக இழுத்துப்போய் உடைத்தார்கள். நேராக மேலே எழும்பும் ஜெட் வந்தது, அதற்கு நீராவித் தள்ளு வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் யாட்டையே மூடப்போகிறோம் என்றார்கள். அதற்கு முன்பே பார்லோ ஓய்வுபெற்றுப் போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்து, உலகத்திலேயே மேலான சேவையில் இருந்தோம் என்பதை மறக்காதே என்றார். இப்போது அந்த யாட்டில் ரிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கலாமாம். போய் வந்த ஒருவர் சொன்னார், எல்லாம் பளிச்சென்று இருக்கிறதாம். இருக்கும். ஊத்தையை நாங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டோமே.

வதனி கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்து, பிறகு எங்களையும் கூப்பிட்டாள். அவளுக்கு மிசிசாகாவில் வேலை, எங்களுக்கு ஸ்காபரோவில் எட்டாம் மாடியில் ஒரு அப்பாட்மென்ட். பரமேஸ் அந்த பிரஷை இங்கேயும் கொண்டுவந்தாள். பனிக்காலத்தில் பேரப்பிள்ளைகளின் கோட்டெல்லாம் அதால் தட்டித்தான் அனுப்புவாள். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, ஓவரோல் கதையைச் சொல்லுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டியது. இலங்கை என்றதும் முதலில் காசநோய் என்று நினைத்து, அதற்கான சோதனை எல்லாம் செய்தார்கள். இல்லை என்று வந்தது. பிறகு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டொக்டர், பொறுமையான பிள்ளை. வதனி மொழிபெயர்க்க, நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, நீங்கள் அஸ்பெஸ்ரஸ் வேலை ஏதும் செய்தனீங்களோ எண்டு கேக்கிறா."

"நானோ? நான் என்ரபாட்டில வீட்டில இருந்தனான்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். உங்கள் வேலை உடுப்பை யார் தோய்த்தது என்று கேட்டார்.

வதனி அதைத் தமிழில் சொன்னதும் பரமேசின் முகத்தைப் பார்க்க வேண்டும். இருந்த இருப்பில் நிமிர்ந்தாள். "நான்தான். சொல்லு பிள்ளை, யாட்டிலேயே ஆகத் துப்பரவான ஓவரோல் எண்டு துரை எல்லாருக்கும் முன்னால சொன்னவர். பிரஷ் தந்ததையும் சொல்லு. முதல் தட்டி, பிறகுதான் தோய்க்கிறது எண்டு சொல்லு."

மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். வதனி ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். வெளியில் வைத்துத் தட்டு என்று பார்லோ சொன்னது அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. கம்பளத்துக்காக அல்ல. நெஞ்சைத் தின்னும் அந்தத் தூசியைப் பற்றி அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவர் கப்பலுக்குள் இறங்காமல் விடுகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. என் மனைவிக்கு ஒரு பிரஷ் வாங்கித் தருகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. வாய் திறந்து சொல்கிற அளவுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. இருந்தால் அவருக்கு நல்ல சாவு வரக்கூடாது என்று நினைக்கிறேன். மலரில் இதை வெட்டுவதென்றால் வெட்டுங்கள், நான் நினைப்பதை வெட்ட முடியாது.

டொக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். அந்த உடுப்பை வீட்டில் வேறு யாராவது தொட்டார்களா, பிள்ளைகள் யாராவது இருந்தார்களா?

வதனி கையிலிருந்த தாயின் பையை மடியில் வைத்து அதன் வாரை இழுத்துச் சரி செய்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, களைப்பா இருக்கோ எண்டு கேக்கிறா."

பரமேஸ் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓம் பிள்ளை. கொஞ்சம் களைப்புத்தான்" என்றாள்.

வதனி டொக்டரைப் பார்த்து, வேறு ஒருவரும் இல்லை என்று சொன்னாள்.

வெளியே வந்து கார் எடுக்கப் போகும்போது மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, நான் பிறகு தனிய வந்து டொக்டரோட கதைக்கிறன். எனக்கும் வரலாம் எண்டது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் அவ நோயால இல்லை, இதாலதான் சாவா." நான் ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் பரமேஸ் சுவரைப் பிடித்துப் பிடித்து, மாடியின் கோடியில் உள்ள குப்பை போடும் வாசலுக்குப் போனதைக் கண்டேன். நான் போடுகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கையில் முடிச்சுப் போட்ட ஒரு பை. அடுத்த கிழமை வதனி வந்து, மகனின் கோட்டைத் தட்ட அந்த பிரஷைத் தேடினாள். "எங்கயோ துலைஞ்சிட்டுது. விடு, பழசுதானே" என்றாள் தாய்.

அவள் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், ஒரு மத்தியானம், வதனி கோப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். பரமேஸ் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"வதனி நெஞ்சுப் படம் எடுக்கிறவளோ?"

"ஏன் கேக்கிறீர்?"

"வருசா வருசம் எடுக்கச் சொல்லுங்கோ. ஏதாவது சாட்டுச் சொல்லி எடுப்பியுங்கோ. நான் சொன்னன் எண்டு சொல்லாதேங்கோ." கொஞ்சம் மூச்செடுத்தாள். "இவ்வளவு காலம் இங்கிலாந்தில இருந்தனான். டொக்டர் பிள்ளையளைப் பற்றிக் கேட்டது விளங்காதே எனக்கு? நான்தானே இறுக்கிப் பிடி, விட்டிடாதை எண்டு சொன்னனான்."

வதனி கோப்பியோடு திரும்பி வந்ததும், பரமேஸ் அவளிடம் பேரப்பிள்ளைகள் சாப்பிட்டார்களோ என்று விசாரித்தாள்.

போன மாசியில் அவள் போய்விட்டாள். தாய்க்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்டேன் என்று வதனி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு ஆறுதல்தான் அவளிடம் இருக்கிறது. வருடா வருடம் படம் எடுக்கிறாள். இதுவரை ஒன்றுமில்லை. இந்த நோய் பல வருடம் பிந்தித்தான் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ரவீந்திரன் தம்பி, வதனிக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை எழுதினேன். என் பெயரைப் போடாதேயும், உள்ளே துரை சொன்ன இடத்திலும் அதை மாற்றிவிடும். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

வேலை உடுப்போடு படம் கேட்டீர். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. உடுப்பு இருக்கிறது, உள்ளே நான் இல்லை. எங்கள் பின்வளவில் வெயிலில் எடுத்தது. பரமேஸ் தோள் பக்கத்தைப் பிடித்து பிரஷை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். வதனி கால் இரண்டையும் இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடி, வாய் நிறையச் சிரிக்கிறாள். மலரில் கண்டால், அந்தப் படத்தை வாசிக்க அவளுக்குத் தமிழ் தேவையில்லை. அதனால் அதைத் தரவில்லை.